ஆவரேஜ் எஃப்பிஎஸ் பார்த்து கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவதை எப்போது நிறுத்தப் போகிறோம்?

#1 மூன்றாம்மாடி

வாரத்துக்கு நாலு பேராவது இங்கே வந்து "இந்த கார்டு சைபர்பங்க் விளையாட்டில் எத்தனை எஃப்பிஎஸ் தரும்?" என்று கேட்கிறார்கள். (எஃப்பிஎஸ் என்றால் ஒரு நொடியில் திரைக்கு வரும் ஃப்ரேம்களின், அதாவது படங்களின், எண்ணிக்கை.) உடனே யாராவது ஒரு யூடியூப் பட்டியலைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். ஒன்றில் 78, இன்னொன்றில் 84, சரி 84-ஐ வாங்கு என்று கதை முடிகிறது. அந்த 84-ஐ வாங்கியவர் அடுத்த மாதம் புது இழை தொடங்குகிறார்: "கார்டு புதுசு, ஆனாலும் இழுக்கிறது, ஏன்?"

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு நொடியில் 50 ஃப்ரேம்கள் தலா 16 மில்லிநொடியில் வந்துவிட்டன. அதற்கு 800 மில்லிநொடி. அடுத்து வந்த ஒரே ஒரு ஃப்ரேம் 200 மில்லிநொடியை விழுங்கிவிட்டது. ஆக மொத்தம் 51 ஃப்ரேம். பட்டியலில் "51 எஃப்பிஎஸ்" என்று கௌரவமாக நிற்கும். ஆனால் விளையாடுகிறவன் கதவைத் திறந்தான், திரை அப்படியே நின்றது, திரும்ப அசைந்தபோது எதிரி சுட்டு முடித்திருந்தான். இரண்டும் ஒரே நொடிதான்.

இந்த இழுவை பெரும்பாலும் கார்டின் குற்றம் இல்லை. விளையாட்டில் வரும் நெருப்பு, தண்ணீர், புகை, உலோகப் பளபளப்பு எல்லாவற்றுக்கும் ஷேடர் என்ற சின்னச் சின்ன நிரல்கள் உண்டு. அவற்றை உங்கள் கார்டுக்குப் புரியும்படி கம்பைல் செய்ய வேண்டும். கன்சோலில் எல்லோருக்கும் ஒரே சிப், அதனால் கம்பெனியிலேயே கம்பைல் செய்து அனுப்பிவிடுகிறார்கள். பிசியில் பழைய 1060 கார்டு வைத்திருப்பவனும் இருக்கிறான், 5090 வைத்திருப்பவனும் இருக்கிறான், ஆளுக்கொரு ட்ரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்). எனவே அந்த வேலை நம் வீட்டு மெஷினில்தான் நடந்தாக வேண்டும். விளையாட்டும் கார்டும் பேசிக்கொள்ள விண்டோஸ் தரும் வழிதான் டைரக்ட்எக்ஸ்; அதன் 11-ஆம் பதிப்பு காலத்தில் ட்ரைவரே இதில் பாதியைச் சத்தமில்லாமல் சமாளித்துவிடும். 2015-இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12 அந்தப் பொறுப்பை விளையாட்டு செய்பவர்களிடம் கொடுத்துவிட்டது. சிலர் ஒழுங்காகச் செய்கிறார்கள். சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். விட்டால் என்ன ஆகும்? ஒரு குண்டு முதல்முறை வெடிக்கும்போது திரை நிற்கும். இரண்டாம் முறை நிற்காது, ஏனென்றால் அது கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பில் ஏறிவிட்டது. ட்ரைவரை அப்டேட் செய்தால் கேஷ் காலி, மறுபடி முதலிலிருந்து.

விளையாட்டைத் திறந்ததும் "ஷேடர்கள் தயாராகின்றன" என்று பத்து நிமிடம் உட்கார வைக்கும் திரையைப் பலர் திட்டுகிறார்கள். நான் அதைப் பார்த்தால் நிம்மதியாகக் காபி போடப் போய்விடுவேன். முன்னாலேயே செய்துவிடுகிறானே, நல்லவன்.

என் முடிவான கருத்து இது: இன்றைக்குப் பணம் இருந்தால் முதலில் மானிட்டர், அப்புறம் பிராசஸர், கடைசியில்தான் கார்டு. கார்டிலும் பெயரையோ நம்பரையோ பார்க்காமல் மெமரி எவ்வளவு என்று பாருங்கள். திட்டுபவர்கள் வரிசையில் வரவும்.

#2 கோவைக்கரடி

வந்துவிட்டேன், முதல் ஆளாக.

4060 கார்டு வைத்திருக்கிறேன், 8 ஜிபி மெமரி. 1080p (1920×1080 புள்ளி) மானிட்டர். ரெசிடென்ட் ஈவில் 4, பால்டர்ஸ் கேட் 3, ஃபோர்ஸா எல்லாம் ஜோராக ஓடுகின்றன. இந்த "8 ஜிபி செத்துவிட்டது" பாட்டை 2023-இலிருந்து கேட்கிறேன். விளையாட்டு விற்கும் ஸ்டீம் தளம் ஒவ்வொரு மாதமும் வெளியிடும் ஹார்ட்வேர் சர்வேயைப் பாருங்கள், இன்றும் அதிகம் பேர் விளையாடுவது 1080p-யில்தான். பெரும்பான்மையிடம் இருக்கும் கார்டுக்கு ஓடாதபடி எவன் விளையாட்டு செய்து நஷ்டப்படுவான்?

அப்புறம், ஆவரேஜ் மட்டும் போடும் விமர்சகர் இப்போது யார்? எல்லோரும் 1% லோ-வும் (மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃப்ரேம்களின் வேகம்) சேர்த்துத்தான் போடுகிறார்கள். நீங்கள் பத்து வருடத்துக்கு முந்தைய எதிரியோடு சண்டை போடுகிறீர்கள்.

#3 மூன்றாம்மாடி

கரடி, 1% லோ போடுகிறார்கள், சரி. இங்கே ஒட்டுகிறவர்கள் அதை வெட்டிவிட்டு மேல் நம்பரை மட்டும்தானே ஒட்டுகிறார்கள்? கடைக்காரரும் அதைத்தான் சொல்கிறார்.

8 ஜிபி விஷயத்தில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. மெமரி பற்றாமல் போனால் எல்லா விளையாட்டும் எஃப்பிஎஸ்ஸைக் குறைக்காது. சிலது படத்தின் தரத்தைக் கமுக்கமாகக் குறைத்துவிடும். செட்டிங்ஸில் அல்ட்ரா என்றே இருக்கும். நீங்கள் ஒரு சுவருக்கு எதிரே போய் நில்லுங்கள். அதில் ஒட்டியிருக்கும் போஸ்டரின் எழுத்து பிசுபிசுவென்று கலங்கிக் கிடக்கும். சில விளையாட்டில் நாலைந்து நொடி கழித்துத் தெளியும், சிலதில் தெளியவே தெளியாது. ஃபோர்ஸ்போக்கன், ஹாலோ இன்ஃபினிட் இரண்டிலும் இதை விமர்சகர்கள் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். எஃப்பிஎஸ் பட்டியலில் இரண்டு கார்டும் சமம். 1% லோ-வும் கிட்டத்தட்ட சமம். கண்ணுக்கு மட்டும் சமமில்லை.

"எவன் நஷ்டப்படுவான்" என்றீர்கள். த லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் 2023 மார்ச்சில் பிசிக்கு வந்தபோது என்ன ஆயிற்று? 3070 வாங்கியவர்கள் 2020-இல் 499 டாலர் விலையுள்ள கார்டு வாங்கியவர்கள். இரண்டரை வருடத்தில் அதே 8 ஜிபி கார்டில் ஹை டெக்ஸ்ச்சர் (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்களின் உயர் தரம்) வைக்க முடியவில்லை. பிறகு பேட்ச் மேல் பேட்ச் போட்டுச் சரிசெய்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதே தலைமுறையில் 329 டாலர் விலைக்கு வந்த 3060-இல் 12 ஜிபி இருந்தது, அதில் அந்தத் தலைவலி குறைவு. சக்தி குறைந்த தம்பி கார்டு அண்ணனை விட நிம்மதியாக இருந்தது! நான் வைத்திருப்பது அந்தத் தம்பிதான், அதனால் கொஞ்சம் பெருமையும் உண்டு.

#4 பிக்சல்பித்தன்

ஐயா, என்விடியா கார்டுகளில் டிஎல்எஸ்எஸ் என்று ஒரு வசதி இருப்பது இந்த இழைக்குத் தெரியுமா? 5070, 5090 எல்லாம் இருக்கும் 50 சீரிஸில் மல்டி ஃப்ரேம் ஜெனரேஷன் போட்டால் ஒரு ஃப்ரேமுக்கு மூன்று ஃப்ரேம் இலவசம். 120, 160, 200 என்று போகிறது. இன்னும் மில்லிநொடி கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

#5 அரைத்தூக்கம்

அந்த இலவச ஃப்ரேம்களை வைத்து சிஎஸ் 2 என்ற சுடும் விளையாட்டில் ஒருவனை ஹெட்ஷாட் அடித்துக் காட்டுங்கள் பித்தன், உங்கள் காலில் விழுகிறேன்.

ஃப்ரேம் ஜெனரேஷன் எப்படி வேலை செய்கிறது? நிஜ ஃப்ரேம் ஒன்று, நிஜ ஃப்ரேம் இரண்டு. இரண்டுக்கும் நடுவில் கற்பனையாக ஒன்றோ மூன்றோ செருக வேண்டும். அப்படிச் செருக வேண்டுமானால் இரண்டாவது நிஜ ஃப்ரேம் ஏற்கெனவே தயாராகி, காட்டப்படாமல் காத்திருக்க வேண்டும். அதாவது நீங்கள் மவுஸை அசைத்தது திரைக்கு வர வழக்கத்தை விடத் தாமதமாகும். 30 எஃப்பிஎஸ்ஸை 120 ஆக்கினால் கண்ணுக்கு 120 தெரியும், கைக்கு அந்தப் பழைய 30-தான், அதிலும் கொஞ்சம் பின்தங்கி. அடிப்படையில் 60 வந்த பிறகு போடுங்கள் என்று என்விடியாவின் போட்டியாளரான ஏஎம்டி-யே தன் ஃப்ரேம் ஜெனரேஷனுக்குச் சொல்லியிருக்கிறது.

போட்டி விளையாட்டு ஆடும் என்னைப் போன்றவர்களுக்கு எல்லா செட்டிங்ஸும் லோ. நொடிக்கு 240 முறை படம் மாறும் 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு ஃப்ரேமுக்கு 4.17 மில்லிநொடிதான் நேரம். அந்த வேகத்தில் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும், மூச்சு வாங்குவது பிராசஸர். அதனால் மூன்றாம்மாடி சொன்ன வரிசை எனக்கு அப்படியே பொருந்தும். 2022-இல் ஏஎம்டியின் 5800எக்ஸ்3டி பிராசஸர் வந்தபோது 2017-இல் வாங்கிய ஏஎம்4 மதர்போர்டிலேயே பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து அதைப் போட்டவர்கள் இருக்கிறார்கள். பிராசஸருக்குள்ளேயே 96 எம்பி எல்3 கேஷ் (வேக நினைவகம்). ஆவரேஜை விட 1% லோ எவ்வளவு ஏறியது என்று அவர்களைக் கேளுங்கள்.

#6 மூன்றாம்மாடி

பித்தன் சொன்னதில் பாதியை நான் ஏற்கிறேன். டிஎல்எஸ்எஸ் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு சமாச்சாரங்களை அடைத்து வைத்திருக்கிறார்கள். ஒன்று அப்ஸ்கேலிங்: குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்குவது. 2018-இல் முதல் பதிப்பு வந்தபோது முகத்தில் எண்ணெய் தடவிய மாதிரிப் படம் வந்தது உண்மை. 2020 மார்ச்சில் 2.0 வந்த பிறகு கதையே மாறிவிட்டது. 2025 ஜனவரியில் வந்த புது ஏஐ மாடலை 2018-இல் வாங்கிய 20 சீரிஸ் கார்டிலும் போடலாம். ஏழு வருடக் கார்டுக்குச் சும்மா ஒரு அப்கிரேடு கொடுத்தார்கள் என்றால் அதைப் பாராட்டத்தான் வேண்டும். குவாலிட்டி மோடில் வைத்துவிட்டு நான் மறந்துவிடுகிறேன்.

மற்றது ஃப்ரேம் ஜெனரேஷன். கட்டுரைக்கு ஓவியம் போடுகிற மாதிரி, ஏற்கெனவே நன்றாக ஓடுகிற விளையாட்டை இன்னும் வழவழப்பாக்க அது நல்ல கருவி. எனக்கு எரிச்சல் வருவது அதை அடிப்படைத் தேவையாக ஆக்குகிறபோது. 2025 பிப்ரவரியில் வந்த மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸின் பரிந்துரைக்கப்பட்ட ஸ்பெக்கைப் பாருங்கள்: 1080p, 60 எஃப்பிஎஸ், ஃப்ரேம் ஜெனரேஷன் போட்டு! அப்படியென்றால் நிஜமாக வருவது 60-க்குக் கீழே என்று அவர்களே எழுதிக் கொடுக்கிறார்கள்.

அதே ஜனவரியில் மேடையேறி "549 டாலர் 5070-இல் 4090-இன் வேகம்" என்றார் என்விடியா தலைவர். மல்டி ஃப்ரேம் ஜெனரேஷனைச் சேர்த்த கணக்கு அது. 4090-இல் 24 ஜிபி, 5070-இல் 12 ஜிபி. இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

#7 சோபாவாசி

இவ்வளவு படித்தபின் எனக்குத் தோன்றியது: சோனியின் பிஎஸ்5 கன்சோல். டிஸ்க் போடு, விளையாடு, தூங்கு.

#8 கோவைக்கரடி

வாங்க சோபா, இன்னும் வரவில்லையே என்று பார்த்தேன்.

பிஎஸ்5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் வந்தபோது 49,990 ரூபாய். மறுவருடக் கடைசியில் 54,990. அமெரிக்காவில் 2020-இல் 499 டாலர், 2025 ஆகஸ்டில் 549 டாலர். ஐந்து வயதான கன்சோல் விலை ஏறுவதை என் வாழ்நாளில் இப்போதுதான் பார்க்கிறேன். ஆன்லைனில் நண்பர்களோடு விளையாடத் தனிச் சந்தா. விளையாட்டு ஒவ்வொன்றும் நாலாயிரம், ஐந்தாயிரம். ஸ்டீம் சேலில் நான் தின்பண்டக் காசுக்கு வாங்கியதை நீங்கள் டிஸ்க்காக வாங்கும்போது பேசுவோம்.

#9 சோபாவாசி

சேலில் வாங்கியதில் எத்தனையைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள்?

#10 கோவைக்கரடி

அது தனிப்பட்ட விஷயம்.

#11 பனங்கிழங்கு

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுறன். அண்ணைமார் எல்லாரும் 4060, 5070 எண்டு கதைக்கிறியள், எங்களுக்கு அது வேற உலகம். 2022-இல் ஒரு டொலர் 200 ரூபாயில இருந்து சில மாதத்திலயே 360-ஐத் தொட்டது. அந்த மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கார்ட் வாங்கிறதுக்கு எண்டு சேர்த்த காசு கண்ணுக்கு முன்னால பாதியாகிப் போச்சு. நான் 5600ஜி பிராசஸர் வாங்கினன், அதுக்குள்ள இருக்கிற வேகா கிராஃபிக்ஸ்தான் இண்டைக்கும்.

அதில என்ன ஓடும் எண்டு கேட்காதேங்கோ, என்ன ஓடாது எண்டு கேளுங்கோ. ஸ்டார்டியூ வேலி ஓடுது. ஹேடீஸ் ஓடுது. டிஸ்கோ எலிசியம் செட்டிங்ஸைக் கொஞ்சம் குறைச்சால் ஓடுது. பலாட்ரோ எண்ட சீட்டு விளையாட்டை ஒரே ஒரு ஆள் உருவாக்கி 2024-இல் விட்டவர். உலகமே அதுக்குள்ள விழுந்து கிடந்தது, அதுக்கு கார்டே தேவையில்லை. 2025 செப்டம்பரில ஹாலோ நைட் சில்க்சோங் வந்த அண்டைக்கு ஸ்டீம் உட்படப் பல கடைகள் படுத்துப் போச்சு. 20 டொலர் விளையாட்டு, அடிலெய்டில ஒரு சின்னக் குழு செய்தது. என்ட மெஷினில 60-இல ஆடாமல் அசையாமல் ஓடிச்சு.

அண்ணை சொல்லுற ஃப்ரேம் ஒழுங்கு எனக்கு ஏற்கெனவே கிடைச்சிட்டுது, ஒரு சதம் செலவில்லாமல். நூறு ஜிபிக்கு மேல இறக்கி, பத்து நிமிசம் ஷேடருக்குக் காத்திருந்து, சுவரில இருக்கிற போஸ்டரை வாசிக்கிறதுக்கோ விளையாடுறியள்?

#12 மூன்றாம்மாடி

இந்தப் பதிவை மேலே பின் செய்ய முடிந்தால் செய்யுங்கள் மாடரேட்டர் ஐயா.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். பெரிய படம் காட்டுகிற விளையாட்டும் ஒழுங்காக ஓட முடியும், அது விதி இல்லை. டூம் எடர்னல் 2020-இல் வந்தது, 2016-இன் 1060-லேயே 1080p-யில் 60-ஐத் தாண்டி ஓடும். செய்பவனுக்கு மனசு இருக்க வேண்டும், அந்த மனசுக்கு மேலிடம் நேரம் கொடுக்க வேண்டும்.

#13 பிக்சல்பித்தன்

நல்ல உதாரணம் எடுத்தீர்கள். அதே டூமின் அடுத்த பாகம், டார்க் ஏஜஸ், 2025 மே. ரே டிரேசிங் (ஒளி பட்டுத் தெறிப்பதைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் கார்டில் இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸும் அப்படித்தான். உங்கள் 1060 புராணம் அங்கே முடிகிறது. பழைய கார்டை வைத்துக்கொண்டு எஞ்சினியர்களைத் திட்டுவது எளிது.

#14 மூன்றாம்மாடி

இது சரியான அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பாருங்கள், அந்த இரண்டும் கறாராக வன்பொருள் கேட்கின்றன, கேட்டதைக் கொடுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. ரே டிரேசிங் வந்து ஆறு வருடம் கழித்துத்தான் கட்டாயமாக்கினார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. எல்லாக் கார்டிலும் ஓடும் என்று சொல்லிவிட்டு எந்தக் கார்டிலும் ஒழுங்காக ஓடாத விளையாட்டுதான் என் பிரச்சினை.

#15 வெள்ளெலி

அண்ணா, புது ஆள். முதல் பதிவு. 1060 என்று பேச்சு வந்ததால் தைரியமாக எழுதுகிறேன்.

என்னிடம் ரைசன் 5 1600 பிராசஸர், பி350 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 1060 6 ஜிபி கார்டு, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். எல்லாம் மாமா வாங்கி வைத்திருந்தது, பிறகு எனக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், மாதா மாதம் கொஞ்சம் எடுத்து வைக்க முடியும். மொத்தமாகப் புதுசு வாங்குவதா, ஒவ்வொன்றாக மாற்றுவதா? கடையில் கேட்டால் "போர்டிலிருந்து எல்லாம் மாத்தணும் தம்பி, டிடிஆர்5-க்குப் போயிடு" என்கிறார்கள்.

#16 மின்வெட்டுமாறன்

கடையில் அப்படித்தான் சொல்வார்கள், அவர்களுக்கும் வீட்டு வாடகை இருக்கிறது.

தம்பி, முதலில் உன் எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டி) என்ன என்று பார். பக்கத்து மூடியைக் கழற்றி ஸ்டிக்கரைப் படி. 1060 குடிப்பது 120 வாட். அதை நம்பி வாங்கிய மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் 160, 180 வாட் கார்டைப் போட்டால் எங்கள் மதுரையில் வோல்டேஜ் ஆடுகிற ஆட்டத்துக்கு நாலு மாதம்கூடத் தாங்காது. நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன், என் மேஜைக்கு வரும் செத்த போர்டுகளில் நிறைய எஸ்எம்பிஎஸ் கொன்றவைதான். ஆர்ஜிபி விளக்குக்கு ஆயிரம் கொடுக்கிறவன் இதில் ஐந்நூறு மிச்சம் பிடிப்பான்.

இரண்டாவது, பழைய கார்டு வாங்குகிற யோசனை வந்தால்: சென்னை ரிட்சி தெருவோ ஓஎல்எக்ஸோ, வீடியோ காட்டினால் நம்பாதே. நேரில் போய், உன் எதிரில் அரை மணி நேரம் ஓட விடச் சொல். முதல் ஐந்து நிமிடம் எல்லாக் கார்டும் நன்றாகத்தான் ஓடும். சூடேறிய பிறகுதான் திரையில் புள்ளி புள்ளியாக வரும், இல்லை ஃபேன் கத்தும். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்காகக் கார்டுகளை இரவு பகலாக ஓட்டும் மைனிங் நின்றபோது மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்த கார்டுகள் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங் கார்டு என்றாலே செத்தது என்று இல்லை, சுத்தம் செய்தால் நன்றாக ஓடுவதும் உண்டு. போன வாரம் ஒன்றைத் திறந்தேன். சூடு கடத்தும் பேஸ்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது, மெமரிக்கு மேல் இருந்த தெர்மல் பேடு எண்ணெய் கக்கி போர்டு முழுக்க மினுமினுத்தது. இரண்டையும் மாற்றியதும் சூடு கணிசமாக இறங்கிவிட்டது. அதே கார்டை வாங்கியவருக்கு வாரன்டி தர மாட்டேன் என்று விற்ற கடை கையை விரித்துவிட்டது. கடை பெயர் வேண்டாம், எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும்.

#17 மூன்றாம்மாடி

வெள்ளெலி, போர்டை மாற்றாதே. மாறன் சொன்ன எஸ்எம்பிஎஸ் சோதனை முடிந்ததும் இப்படிப் போ.

முதலில் மானிட்டர். 144 ஹெர்ட்ஸ், ஃப்ரீசிங்க் உள்ளது. உன் 1060-க்கே அது வேலை செய்யும். 2019 ஜனவரியிலிருந்து 10 சீரிஸ் கார்டுகளுக்கு ஃப்ரீசிங்க் மானிட்டரில் அந்த வசதியை என்விடியா ட்ரைவரிலேயே திறந்துவிட்டது. ஃப்ரேம் 52-க்கும் 70-க்கும் நடுவில் ஊசலாடினாலும் மானிட்டர் அதோடு சேர்ந்து தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும். ஷேடர் இழுவையை இது தீர்க்காது, ஆனால் தினசரி வரும் சின்னச் சின்ன உதறல் காணாமல் போகும். கார்டு மாற்றாமலேயே கார்டு மாற்றிய மாதிரி இருக்கும்.

அடுத்து பிராசஸர். 1600-ஐக் கழற்றிவிட்டு ரைசன் 5 5600. பல பி350 போர்டுகளுக்கு அதற்கான பயாஸ் வந்திருக்கிறது, உன் போர்டு மாடலைக் கம்பெனி தளத்தில் பார்த்துவிட்டு வாங்கு. இதில் இன்னொரு லாபமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் முதல் தலைமுறை ரைசன் இல்லை. 5600 போட்டால் அந்தக் கதவும் திறக்கும். டிடிஆர்5 பக்கம் இப்போது தலைவைத்துப் படுக்காதே. ஏஐ டேட்டா சென்டர்காரர்கள் ரேமை அள்ளுவதால் விலை எகிறிக் கிடக்கிறது. ரேம் தயாரிக்கும் மைக்ரான் தன் க்ரூஷியல் நுகர்வோர் வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. உன் 16 ஜிபி டிடிஆர்4-ஐ நகை மாதிரி வைத்துக்கொள்.

கடைசியில் கார்டு. 1060-க்கு என்விடியாவின் கடைசி கேம் ரெடி ட்ரைவர் (புது விளையாட்டுகளுக்கான ட்ரைவர்) 2025 அக்டோபரோடு சரி. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை காலாண்டுக்கு ஒருமுறை வரும். அதனால் ஆறு மாதம் கழித்து மாற்றினாலும் உலகம் இடியாது.

#18 கோவைக்கரடி

கார்டு என்றால் எது என்று சொல்லாமல் தப்பிக்கிறீர்களே. 5060 போதாதா? 2025-இல் 299 டாலருக்கு அறிமுகமான கார்டு.

#19 மூன்றாம்மாடி

வெள்ளெலிக்குப் போதாது, காரணம் போர்டு. 4060, 5060 இரண்டும் பிசிஐஇ-யில் (கார்டையும் போர்டையும் இணைக்கும் பாதை) எட்டு லேன் மட்டுமே பயன்படுத்துபவை. பி350 போர்டு பழைய, வேகம் குறைந்த பிசிஐஇ 3.0. 8 ஜிபி நிரம்பி வழியும்போது மிச்சம் சிஸ்டம் ரேமுக்குப் போய்த் திரும்ப வேண்டும், அந்தப் பாதை இவருடைய போர்டில் ரொம்பக் குறுகல். புது போர்டில் உங்களுக்குத் தெரியாத தடுமாற்றம் இவருக்குத் தெரியும். ஏஎம்டியின் 9060 எக்ஸ்டி பதினாறு லேன் கார்டு. அதன் 16 ஜிபி மாடலை 349 டாலர் என்று 2025 ஜூனில் அறிமுகப்படுத்தினார்கள். இங்கே 18% ஜிஎஸ்டி, இறக்குமதியாளர் லாபம் எல்லாம் ஏறித்தான் வரும், அது தெரிந்ததே. என்விடியாதான் வேண்டும் என்றால் 5060 டிஐ 16 ஜிபி, அதுவும் எட்டு லேன்தான், ஆனால் 16 ஜிபி இருப்பதால் நிரம்பி வழிய வாய்ப்பு குறைவு.

ஒரு எச்சரிக்கை. 9060 எக்ஸ்டி, 5060 டிஐ இரண்டிலும் அதே பெயரில் 8 ஜிபி மாடல் இருக்கிறது. டப்பாவின் முன்பக்கம் ஒரே மாதிரி. பில்லில் "16 ஜிபி" என்று எழுதி வாங்கு. இது புது வித்தையும் இல்லை. 2016-இலேயே 1060 3 ஜிபி என்று ஒன்றை விற்றார்கள், அதில் மெமரி மட்டும் குறைவில்லை, கோர்களும் 1280-க்குப் பதில் 1152. 2022-இல் இதையே "4080 12 ஜிபி" என்று துணிந்து செய்யப் பார்த்தார்கள். ஊரே சிரித்ததும் வாபஸ் வாங்கி, அடுத்த ஜனவரியில் 4070 டிஐ என்று பெயர் மாற்றி 799 டாலருக்கு விட்டார்கள். சிரித்தால் நூறு டாலர் குறையும் என்று அன்றுதான் தெரிந்தது.

#20 பிக்சல்பித்தன்

ஏஎம்டி வாங்கினால் டிஎல்எஸ்எஸ் கிடையாது, அதையும் தம்பிக்குச் சொல்லுங்கள். ஏஎம்டியின் அப்ஸ்கேலிங்கான எஃப்எஸ்ஆர் 4 நன்றாக வந்திருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அதை ஆதரிக்கும் விளையாட்டுகள் டிஎல்எஸ்எஸ் அளவுக்கு இல்லை. இரண்டு டெமோ பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

#21 அரைத்தூக்கம்

பித்தனும் மூன்றாம்மாடியும் கிட்டத்தட்ட ஒரே பக்கம் வந்துவிட்டார்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

வெள்ளெலி, எந்த விளையாட்டு விளையாடுகிறாய் என்று யாருமே உன்னைக் கேட்கவில்லை பார்.

#22 வெள்ளெலி

வாலரன்ட், சிஎஸ் 2. வாரக் கடைசியில் விட்சர் 3, இப்போதுதான் முதல்முறை விளையாடுகிறேன். சைபர்பங்க் வாங்கி வைத்திருக்கிறேன், திறக்கவில்லை.

#23 அரைத்தூக்கம்

அப்படியென்றால் மானிட்டர், பிராசஸர் இரண்டோடு ஒரு வருடம் ஓட்டலாம். விட்சர் 3-இல் டைரக்ட்எக்ஸ் 11 பதிப்பையே தேர்ந்தெடு. 2022 டிசம்பர் அப்டேட்டோடு வந்த 12 பதிப்பு உன் கார்டுக்கு வீண் சுமை. சைபர்பங்கைத் திறக்காதது நல்லதுதான். 2020 டிசம்பரில் அது வந்தபோது சோனி தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. 2.0 பதிப்பு வந்த 2023 செப்டம்பருக்குப் பிறகு முதல்முறை விளையாடுகிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள், காத்திருந்தவனுக்கு நல்ல விளையாட்டு பாதி விலையில்.

#24 பனங்கிழங்கு

தம்பி, அந்த 1060-ஐக் கழட்டேக்க எறிஞ்சு போடாத. கொழும்புக்கு வாற ஆக்கள் ஆரும் இருந்தால் ஒரு சொல்லுச் சொல்லு.

#25 வெள்ளெலி

மானிட்டர் ஆர்டர் போட்டுவிட்டேன் அண்ணா. போர்டு மாடலைப் பார்த்தேன், 5600-க்கு பயாஸ் இருக்கிறது. நானே அப்டேட் செய்யலாமா, கடையில் கொடுப்பதா?

#26 மின்வெட்டுமாறன்

நீயே செய்யலாம். பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து ஃபைலைப் போடு. பழைய பி350-களில் சிலவற்றுக்கு நேராகக் கடைசி பதிப்புக்குப் போகக் கூடாது, நடுவில் ஒரு பதிப்பு போட வேண்டும் என்று டவுன்லோட் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள், படிக்காமல் தாவாதே. 1600 போர்டில் இருக்கும்போதே அப்டேட்டை முடி, அப்புறம்தான் கழற்ற வேண்டும். யுபிஎஸ் இல்லாமல் தொடாதே. பாதியில் கரண்ட் போனால் போர்டு என் மேஜைக்குத்தான் வரும். மின்தடை அறிவிப்பு வந்த நாளைத் தவிர்த்துவிடு.

#27 மூன்றாம்மாடி

மானிட்டர் வந்ததும் டப்பாவில் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் இரண்டும் இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட்டைச் செருகு, 1060-இல் அந்த ஃப்ரீசிங்க் விஷயம் அதில்தான் வேலை செய்யும். செருகியபின் விண்டோஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேக்குப் போய் 144-ஐ நீயாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், தானாக மாறாது. இந்த ஊரில் பாதி 144 மானிட்டர்கள் இன்னும் 60-இல்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க் கம்பாட்டிபிளை (ஃப்ரீசிங்க் வசதிக்கு என்விடியா வைத்த பெயர்) ஆன் செய். எஃப்பிஎஸ் வரம்பை 140 வாக்கில் வை. எல்லாம் முடிந்ததும் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் ஃப்ரேம்டைம் (ஒவ்வொரு ஃப்ரேமும் எடுத்த நேரம்) வரைபடத்தைத் திறந்து ஒரு சிஎஸ் 2 மேட்ச் ஆடி, அந்தக் கோட்டின் படத்தை இங்கே போடு. நம்பர் வேண்டாம், கோடு மட்டும் போதும்.